மறு: ‘தெர்மல் ரன்அவே’ – ‘வெப்பத் தறிகேடு’ என்று வைக்கலாமா?

அன்புள்ள குழுவினருக்கு, வணக்கம்.

மின்கார் பேட்டரிக் கையேட்டுக்காக நண்பர் கேட்ட சொற்களில் பலவும் முடிவாகிவிட்டன. செல்லுக்கு மின்கலம், கலங்கள் அடங்கிய பெட்டிக்கு மின்கலத் தொகுதி, சார்ஜ் செய்வதற்கு மின்னேற்றம். இவற்றில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. பேட்டரியின் சூடு தன்னைத் தானே கூட்டிக்கொண்டு கட்டுக்கடங்காமல் போவதைச் சொல்லும் தெர்மல் ரன்அவேயை மட்டும் அவ்வளவு சீக்கிரம் முடித்துவிடக் கூடாது. அதற்குக் குழுவில் வந்த யோசனைகளை ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன்.

> வெப்ப ஓட்டம் என்றே சொல்லலாமே, எளிமையாக இருக்கிறது.

வெப்பம் ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் பாய்வதை ஏற்கெனவே அப்படித்தான் சொல்கிறோம். குளிர்விக்கும் தகடு வழியே சூடு வெளியேறுவதும் வெப்ப ஓட்டம்தான். பேட்டரியைக் காப்பதற்கும் எரிப்பதற்கும் ஒரே பெயர் வைத்தால் கையேடு படிப்பவர் குழம்பிப் போவார்.

> வெப்ப மீறல்?

இது பரவாயில்லை. ஆனால் மீறல் என்றால் வரம்பைத் தாண்டுவது மட்டும்தான். தாண்டியது திரும்பியும் வரலாம். வேக மின்னேற்றத்தில் தொகுதி அளவுக்கு மேல் சூடானால் கட்டுப்பாட்டு அமைப்பு மின்னோட்டத்தைக் குறைக்கும், தேவையானால் நிறுத்திவிடும். சூடு இறங்கிவிடும். அதற்கு மிகைச்சூடு என்ற சொல்லே போதும்.

நாம் பெயர் தேடுவது இறங்காத சூட்டுக்கு. லித்தியம் அயனிக் கலத்தில் ஏறத்தாழ 80 முதல் 120 டிகிரி செல்சியசுக்குள் எதிர்மின்வாயின் மேலிருக்கும் காப்புப் படலம் சிதையத் தொடங்குகிறது. சிதைவே வெப்பத்தைத் தருகிறது. அந்த வெப்பத்தில், 130 டிகிரி வாக்கில், இரு மின்வாய்களையும் பிரித்து வைக்கும் பாலிஎத்திலீன் தாள் உருகும். தாள் சுருங்கிக் கிழிந்தால் உள்ளேயே குறுக்குச்சுற்று (ஷார்ட் சர்க்யூட்). இன்னும் ஏறினால், நிக்கல் மிகுந்த கலங்களில், நேர்மின்வாயிலிருந்தே ஆக்சிசன் வெளிவரும். (இரும்பு பாஸ்பேட் கலங்கள் இந்த இடத்தில் வெகுவாகத் தாக்குப்பிடிக்கும், முற்றிலும் தப்பிவிடும் என்று சொல்ல முடியாது.) ஒவ்வொரு படியின் சூடும் அடுத்த படியைக் கிளப்பிவிடுகிறது. வெளியேறும் வெப்பத்தைவிட உண்டாகும் வெப்பம் கூடிவிட்டால், அதன் பிறகு சார்ஜரைப் பிடுங்கியும் பயனில்லை.

மின்னழுத்தத்தைத் துண்டித்தாலும் அதே கதைதான். 96 கலங்களைத் தொடராக இணைத்தால் முழு ஏற்றத்தில் சுமார் 400 வோல்ட் வரும். பராமரிப்புச் செருகியைக் கழற்றினால் அந்தத் தொடர் அறுபடும். சில நிமிடம் காத்திருந்து, மின்தேக்கிகள் (கெப்பாசிட்டர்கள்) வடிந்ததை அளந்து பார்த்த பிறகே தொழில்நுட்பர் உயர் மின்னழுத்தம் செல்லும் ஆரஞ்சு நிறக் கேபிள்களில் கை வைப்பார். ஆனால் ஒவ்வொரு கலத்தின் 4.2 வோல்ட்டும் அதன் ஆற்றலும் உள்ளே அப்படியேதான் இருக்கும்.

அதனால்தான் ‘தறிகெட்டு ஓடுகிறது’ என்ற நம் பேச்சு வழக்கு நினைவுக்கு வந்தது. தறி என்பது மாட்டையும் யானையையும் கட்டிவைக்கும் முளை. அது பிடுங்கிக்கொண்டபின் கயிறு நம் கையில் இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். முறைகேடு, சீர்கேடு போல *வெப்பத் தறிகேடு*. ஆங்கிலச் சொல்லில் இருக்கும் ஓட்டத்தைப் பிடிப்பதைவிட, பிடி விட்டுப்போனதைச் சொல்வது இங்கே முக்கியம் என்று எனக்குத் தோன்றுகிறது. டிரான்சிஸ்டரில் சூடு மின்னோட்டத்தைக் கூட்ட, மின்னோட்டம் சூட்டைக் கூட்ட, கடைசியில் அது கருகிப்போவதற்கும் இதே சொல் பொருந்தும்.

தறி என்றதும் நெசவுத்தறிதான் நினைவுக்கு வரும் என்பார்கள். நியாயம்தான். ஆனால் ‘தறிகெட்டு’ என்று சேர்த்துச் சொல்லும்போது யாரும் நெசவை நினைப்பதில்லை.

கூட்டுச்சொற்களையும் சோதித்துப் பார்த்தேன். தொடங்கும் வெப்பநிலைக்குத் தறிகெடு வெப்பநிலை. வினைத்தொகையாக நன்றாகவே அமைகிறது. ஒரு கலத்திலிருந்து அடுத்த கலத்துக்குத் தாவுவதற்குத் தறிகேட்டுப் பரவல் என்பது கொஞ்சம் இடறுகிறது. ‘கலம்விட்டுக் கலம் பரவல்’ என்று பிரித்துச் சொன்னால் போதும்.

கையேட்டின் பராமரிப்புப் பகுதியிலும் இந்தச் சொல் உதவும். உறைநிலைக்குக் கீழே வேகமாக மின்னேற்றினால் லித்தியம் உலோகமாகவே படியும். அடித்தட்டில் கல் மோதி ஒடுங்கினால் உள்ளே தாள் நசுங்கியிருக்கலாம். இரண்டையும் ‘தறி தளரும் வழிகள்’ என்ற தலைப்பில் சேர்த்தால், ஏன் சோதிக்கச் சொல்கிறார்கள் என்பது வாசிப்பவருக்குத் தானே புரியும்.

ஓட்டுநருக்கான எச்சரிக்கைத் திரையில் மட்டும் இந்தச் சொல் வேண்டாம். ஒரு கலம் தறிகெட்டால், பயணிகளுக்கு ஆபத்து வருவதற்கு 5 நிமிடம் முன்பாவது எச்சரிக்க வேண்டும் என்று சீனாவின் 2020ஆம் ஆண்டுத் தரநிலை சொன்னது. அந்த 5 நிமிடத்தில் யாரும் கலைச்சொல்லுக்குப் பொருள் தேடிக்கொண்டிருக்கக் கூடாது. அங்கே ‘பேட்டரியில் தீ ஆபத்து. வண்டியை நிறுத்தி இறங்கி, தள்ளிப் போங்கள்’ என்று எழுதலாம். ‘தீ அணைந்தபின்னும் மீண்டும் பற்றலாம்’ என்ற வரியைக் கையேட்டில், தறிகேடு பற்றிய பத்தியின் முதல் வரியாகவே போட்டுவிடுங்கள்.

அன்புடன்