மறு: ‘நெகட்டிவ் ஸ்பேஸ்’: எதிர்வெளிக்குப் பதில் விடுவெளி?

> நெகட்டிவ் என்றால் எதிர்தானே? எதிர்வெளி என்றே வைத்துக்கொள்வோம்.

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

படத்தில் வரைந்த உருவைச் சுற்றியும் அதன் நடுவிலும் இருக்கிற இடத்தைத்தான் ‘நெகட்டிவ் ஸ்பேஸ்’ என்கிறார்கள். இழையைத் தொடங்கியவன் என்பதால், அதற்கு எனக்கு ஏன் ஒரு தமிழ்ச் சொல் வேண்டும் என்று சொல்லிவிடுகிறேன். அக்காள் மகள் நியூசிலாந்தில் 12-ஆம் ஆண்டு படிக்கிறாள். அங்கே மேல்நிலை வகுப்பில் ‘டிசைன் அண்ட் விஷுவல் கம்யூனிகேஷன்’ தனிப் பாடம்; முன்பு கிராபிக்ஸ் என்றார்கள். வீடு, அறை போன்ற இடங்களையும் வடிவமைக்கலாம், நாற்காலி, விளக்கு போன்ற பொருள்களையும் வடிவமைக்கலாம். முடிந்த படம் மட்டும் போதாது, யோசனை வளர்ந்த விதத்தையும் வரைந்து காட்ட வேண்டும். விடுமுறைக்குக் காரைக்குடி வந்தவள் விட்டுப்போன வரைபுத்தகத்தை வைத்து, எங்கள் தெருப் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைகளில் சொல்லித்தருகிறேன். மற்ற சொற்களை எப்படியோ சமாளித்தாயிற்று.

எதிர்வெளியை நானும் சொல்லிப் பார்த்தேன். ஒரு பையன் எதிர்த்த வீட்டைத் திரும்பிப் பார்த்தான்! வெற்றிடத்தை இயற்பியல் வாத்தியார் ஏற்கெனவே எடுத்துக்கொண்டார். அதோடு, இங்கே எதுவும் வெறுமையாக இல்லை. ஆத்தங்குடியில் தரைக்கல் செய்கிற இடத்தில் பாருங்கள்: கண்ணாடி மேல் அச்சை வைத்து, நிறம் கலந்த சிமெண்ட்டை அறை அறையாக ஊற்றுகிறார்கள். பூவுக்கு ஒரு கரண்டி என்றால், பூவைச் சுற்றியுள்ள இடத்துக்கும் ஒரு கரண்டி. அதை ஊற்றாவிட்டால் பூவே நிற்காது.

சரி, அப்படியானால் சூழ்வெளி? ஒரு வாரம் அதைத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். நம் செட்டிநாட்டு வீட்டு முற்றம் கெடுத்துவிட்டது. அது வீட்டைச் சூழவில்லை. வீடுதான் அதைச் சூழ்ந்திருக்கிறது. ‘ம’ எழுத்துக்குள் அடைபட்ட இடமும் அப்படியே. உருவெளி என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். காதுக்கு இனிமைதான், ஆனால் உருவெளித்தோற்றம் என்று இல்லாததைக் காண்பதற்குப் பெயர் இருக்கிறதே.

என் முன்மொழிவு: விடுவெளி. ‘ரெண்டு வரி விட்டு எழுது’, ‘ஓரம் விடு’ என்று ஒன்றாம் வகுப்பிலிருந்து கேட்ட விடுதான். வரைபவர் வேண்டுமென்றே விட்டது என்ற பொருள் அதில் தானாக வந்துவிடுகிறது. ஊறுகாய் போல வினைத்தொகை என்பதால் விட்ட, விடுகிற, விடும் என மூன்றுக்கும் பொருந்தும். ஃபெடெக்ஸ் நிறுவனத்தின் 1994 சின்னத்தில் ‘இ’, ‘எக்ஸ்’ என்ற இரு ஆங்கில எழுத்துகளுக்கு நடுவே ஓர் அம்பு ஒளிந்திருக்கும். “அம்பு விடுவெளியில் இருக்கிறது” என்றதும் பிள்ளைகள் அதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். (அம்பு விடு வெளி என்று சிரித்தார்கள், அது வேறு கதை.)

ஒரு குறை தெரிகிறது. தரைக்கல்லில் அந்த இடத்தை விடுவதில்லை, ஊற்றுகிறார்கள். அதனால் உருவும் பின்புலமும் என்று இணையாகப் பேசும்போது ‘உரு, நிலம்’ என்று வைத்துக்கொள்ளலாமா? அகப்பொருள் இலக்கணத்திலும் நிலம் முதற்பொருள்தானே, மிச்சப்பொருள் இல்லையே.

அப்புறம், தாளின் ஓரத்தில் விடுகிற மார்ஜினும் விடுவெளிக்குள் வருமா? வராது என்பது என் எண்ணம். அச்சுத் தொழிலில் இருக்கும் நண்பர்கள் சொல்லுங்கள், சனிக்கிழமைக்குள் தெரிந்தால் நல்லது.

அன்புடன்,
காரைக்குடியிலிருந்து