தங்கைக்கு ஐடிஐ டர்னரா, மூன்று மாத சிஎன்சி கோர்ஸா?

உடுமலைக்காரி:
தங்கை அரசுப் பள்ளியில் பத்தாவது முடித்துவிட்டாள். லேத் (இரும்பைச் சுழற்றிக் கடையும் மெஷின்) வேலைதான் கற்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். அரசு ஐடிஐயில் அதற்கான டர்னர் படிப்பு இரண்டு வருடம். அங்கே பழைய லேத்தான் இருக்கும், கம்பெனிகளில் இப்போது எல்லாம் கம்ப்யூட்டரில் ஓடும் சிஎன்சி மெஷின் என்கிறார் பக்கத்து வீட்டு அண்ணன். கோவையில் ஒரு தனியார் மையம் மூன்று மாதத்தில் சிஎன்சி கற்றுத்தருகிறதாம். கட்டணம் 35,000 ரூபாய், வேலைக்கும் அவர்களே பொறுப்பாம். அப்பா தென்னை மரம் ஏறுபவர், கடன் வாங்கித்தான் கட்ட வேண்டும். இந்த வேலையில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

குறிச்சி லேத்:
கடன் வாங்காதீர்கள் சகோதரி. நானும் டர்னர்தான், கோவை குறிச்சி சிட்கோ தொழிற்பேட்டையில் 19 வருடமாக ஜாப் ஒர்க் செய்கிறேன். மூன்று மாதம் படித்து வந்தவர்களை வேலைக்கு எடுத்திருக்கிறேன். பீஸை சக்கில் (அதைப் பிடித்துச் சுழற்றும் பிடியில்) மாட்டுவார்கள், பட்டனை அழுத்துவார்கள், கழற்றி வைப்பார்கள். அது ஒரு வாரத்தில் யாருக்கும் வந்துவிடும். எங்களுக்குக் கிடைக்காத ஆள் செட்டர். டிராயிங்கைப் பார்த்து எந்த டூல், என்ன வேகம், எந்தப் பக்கம் முதலில் என்று முடிவு செய்கிறவர்.

போன மாதம் வந்த ஒரு பையனிடம் மைக்ரோமீட்டரைக் கொடுத்தேன். 25 மி.மீ. தண்டில் 0.02 கூடுதல். ஆஃப்செட்டில், அதாவது மெஷினில் டூலுக்குப் போடும் அளவுத் திருத்தத்தில், எவ்வளவு குறைப்பாய் என்றேன். "அதை சார்தான் போடுவார்" என்றான். அவன் மேல் தப்பில்லை, அவனுக்குத் திரையை மட்டும்தான் காட்டியிருக்கிறார்கள்.

பழைய லேத்தில் கைப்பிடியைச் சுற்றும்போது டூல் இரும்பைக் கடிப்பது கையில் தெரியும். சத்தம் மாறினால் முனை மழுங்கிவிட்டது என்று காதுக்குப் புரியும். அது பழகியவர்களுக்கு சிஎன்சிக்குக் கட்டளை எழுதும் ஜி-கோடு சில மாதத்தில் பிடிபடும்.

ஃபிட்டர் பொண்ணு:
அக்கா, அரசு ஐடிஐயில் கட்டணம் கிடையாது, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, பஸ் பாஸ் உண்டு. 6ஆம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளி என்றால் புதுமைப் பெண் 1,000 ரூபாயும் வரும். 71 அரசு ஐடிஐகளில் டாடா டெக்னாலஜிஸுடன் சேர்ந்து சிஎன்சி, ரோபோ எல்லாம் வைத்திருக்கிறார்கள். உங்களுக்குப் பக்கத்தில் இருப்பது அதில் ஒன்றா என்று விசாரியுங்கள்.

படிப்பு முடிந்ததும் ஒரு வருடம் அப்ரண்டிஸ் போகட்டும். 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் அப்ரண்டிஸ் எடுத்தே ஆக வேண்டும். ஒன்று மட்டும் இப்போதே சொல்லி வையுங்கள். என்னை முதல் மூன்று மாதம் ஸ்டோரில் பில் எழுத உட்காரவைத்தார்கள், பொண்ணு என்பதால். மெஷின் வேண்டும் என்று எழுதிக் கொடுத்த பிறகுதான் ஷாப்புக்குள் விட்டார்கள்.

உடுமலைக்காரி:
நேற்று இருவரும் ஐடிஐக்குப் போய்ப் பார்த்தோம். பத்து லேத்தில் ஆறு ஓடுகிறது. சிஎன்சி இல்லை. ஆனால் டர்னர் வாத்தியார் அவள் கையில் வெர்னியரைக் கொடுத்து அரை மணி நேரம் அளக்க விட்டார், வீடு வரும்வரை அதையே பேசிக்கொண்டு வந்தாள். விண்ணப்பம் போட்டுவிட்டோம். குறிச்சி அண்ணா, வகுப்பு தொடங்கும் முன் ஒரு நாள் உங்கள் பட்டறையை வந்து பார்க்கலாமா?

குறிச்சி லேத்:
தாராளமாக வாருங்கள். முடியைக் கொண்டை போட்டு, துப்பட்டா இல்லாமல், வளையலைக் கழற்றிவிட்டு வரச் சொல்லுங்கள். சிஎன்சி பக்கத்தில் நிற்க வைத்து ஆஃப்செட் போடுவதைக் காட்டுகிறேன்.