சீசனிங் என்பதற்கு 'உணக்கல்', வட்ட விறகடுக்குக்கு 'உணக்குப் படப்பு'

அன்பர்களுக்கு வணக்கம்.

கீறிய விறகை மாதக்கணக்கில் காற்றாட வைத்து ஈரத்தை இறக்கும் வேலைக்கும், அதற்காகவே வட்டமாக அடுக்கும் அடுக்குக்கும் தமிழில் என்ன பெயர் இடலாம் என்று இதுவரை வந்த முன்மொழிவுகளைப் படித்தேன். முதலாவதற்குப் 'பருவப்படுத்தல்', 'பதப்படுத்தல்', 'உலர்த்தல்' ஆகியவையும், இரண்டாவதற்கு 'விறகு வீடு', 'விறகுக் குதிர்', 'வட்ட அட்டி' ஆகியவையும் வந்திருக்கின்றன. குமரி மாவட்டத்துக் குலசேகரம் பகுதியில் ரப்பர் விறகோடு பல ஆண்டுகள் பழகியவன் என்ற முறையில், எங்கள் மாவட்டப் பேச்சில் இவ்விரண்டுக்கும் இவற்றைவிடப் பொருத்தமான சொற்கள் இருப்பதாகக் கருதுகிறேன்.

'பருவப்படுத்தல்' என்பது 'சீசனிங்' என்ற ஆங்கிலச் சொல்லிலுள்ள 'சீசன்' (பருவம்) என்பதைப் பார்த்துச் செய்தது. விறகு கீறுபவர் எவருக்கும் அது புரியாது. 'பதப்படுத்தல்' தோலுக்கும் மீனுக்கும் பழத்துக்கும் ஏற்கெனவே வழங்குகிறது. அங்கே பெரும்பாலும் உப்போ சுண்ணாம்போ சர்க்கரையோ சேர்க்கிறோம், விறகில் எதையும் சேர்ப்பதில்லை. எஞ்சும் 'உலர்த்தல்' தவறான சொல் அன்று. ஆனால் அது இவ்வேலையின் முதற்பாதியை மட்டுமே சொல்கிறது.

பச்சை மரத்தில் நீர் இரு வகையாக இருக்கிறது. மர உயிரணுக்களின் உட்குழியில் நிற்கும் நீர் முதலில் வெளியேறும். அப்போது எடை குறையுமே தவிர, கட்டையின் அளவு மாறுவதில்லை. உலர்ந்த மரத்தின் எடையோடு ஒப்பிட ஈரம் ஏறத்தாழ 30 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கிய பிறகுதான் உயிரணுச் சுவரில் ஊறியிருக்கும் நீர் விடுபடத் தொடங்குகிறது, அதன் பிறகே மரம் சுருங்குகிறது, முனைகளில் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி வெடிப்புகள் ஓடுகின்றன. அடுப்புக்கு ஏற்ற விறகு என்பது ஈரம் 20 விழுக்காட்டுக்குக் கீழே போன விறகு. ஆகவே நமக்கு வேண்டிய சொல், ஈரம் போவதோடு வற்றிச் சுருங்குவதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 'உணங்குதல்' அப்படிப்பட்ட சொல்.

குமரி மாவட்டத்தில் மீனை உணக்குகிறோம், வேகவைத்த மரச்சீனிக் கிழங்கை (மரவள்ளியை) உணக்குகிறோம், தேங்காயை உணக்கிக் கொப்பரை ஆக்குகிறோம். துணிகூட எங்களுக்கு உணங்கத்தான் செய்யும் என்பதால், பேச்சில் இச்சொல்லின் பொருள் விரிந்திருப்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும் வற்றி எடை குறைதல் என்ற கருத்து இதில் பழங்காலம் முதலே இருக்கிறது. உழவு அதிகாரத்தில் வரும் 1037ஆம் குறள், ஒரு பலம் புழுதி கால் பலமாகும்படி மண்ணை உணக்கினால் ஒரு பிடி எருவும் வேண்டாம் என்கிறது. எடை எவ்வளவு குறைய வேண்டும் என்று அளவோடு சொல்லும் இடத்தில் வள்ளுவர் எடுத்த சொல் அது. இதை மலையாளச் சாயல் என்று ஒதுக்கிவிட வேண்டாம் என்று அன்பர்களைக் கேட்டுக்கொள்கிறேன்; குமரியில் இன்றும் புழங்கும் பழந்தமிழ்ச் சொல் இது.

இனி அடுக்குக்கு வருவோம். இவ்வடுக்கு ஜெர்மன் பேசும் நாடுகளில் பெயர் பெற்றது. அங்கே விறகுக் குவியலுக்குப் பெயர் 'ஹோல்ட்ஸ்ஹவுஃபன்': 'ஹோல்ட்ஸ்' மரம், 'ஹவுஃபன்' குவியல். ஆகவே 'விறகு வீடு' என்பது, 'ஹவுஃபன்' என்பதை வீட்டைக் குறிக்கும் 'ஹவுஸ்' என்று கொண்ட ஒலி மயக்கத்தால் வந்தது என்று நினைக்கிறேன். நடுவில் ஒரு கம்பு நட்டு, அதைச் சுற்றி வட்டம் வரைந்து, விளிம்பில் கட்டைகளை ஒரு முனை நடுவை நோக்கும்படி, உட்பக்கம் சற்றே சரிந்திருக்குமாறு அடுக்குவார்கள். உள்ளே விறகுகளை நிறுத்தி வைப்பதால் காற்று கீழிருந்து மேலே ஏறும். உச்சியில் பட்டை மேல்நோக்க ஓடு வேய்வதுபோல் பரப்பினால் மழைநீர் வழிந்துவிடும். கம்பில் ஒரு குறியிட்டு, அடுக்கு ஐந்தில் ஒரு பங்கு தாழ்ந்தால் விறகு உணங்கிவிட்டது என்று கொள்வது அவர்கள் வழக்கம்.

'குதிர்' காற்றும் எலியும் புகாமல் மூடிக் காப்பது, நோக்கமே வேறு. 'அட்டி' என்றதும் எங்களுக்கு மதிலோரம் நீளமாக அடுக்கியதுதான் நினைவுக்கு வரும். இராமநாதபுரம் பக்கம் வட்டமாக விறகடுக்கி மண் பூசிக் கரி சுடும் 'மூட்டம்' வடிவில் மிக நெருங்கியது என்றாலும், அங்கே காற்றை அடைக்கிறார்கள், இங்கே விடுகிறோம். நாஞ்சில் நாட்டிலும் நெல்லையிலும் வைக்கோலைச் சுற்றி அடுக்கி, மழைநீர் உள்ளே இறங்காதபடி உச்சியைக் குவித்து முடிக்கும் 'படப்பு' ஒன்றுதான் வடிவாலும் மழையைத் தள்ளும் முறையாலும் பொருந்துகிறது. வைக்கோற்படப்பு நெருக்கமானது, விறகு அப்படி இருக்கக் கூடாதே என்று தடை எழலாம். அதற்காகத்தான் 'உணக்கு' என்ற முன்னொட்டைச் சேர்க்கிறேன்.

நான் முதன்முதலில் இப்படி அடுக்கியது ஆனி மாதத்தில், வெறுந்தரையில். ஆடி முடிந்து பிரித்தபோது வெளிவரிசை நன்றாக இருந்தது. அடிவரிசையில் நீலக்கறை ஏறி, கட்டையைத் தட்டினால் வண்டு துளைத்த துளைகளிலிருந்து மாவு கொட்டியது, மண்ணைத் தொட்ட முனைகளில் சிதல் ஏறியிருந்தது. ரப்பர் மரம் இவற்றுக்கு எளிதில் இரையாகும். இரண்டு மழைக்காலமும் பெய்யும் எங்கள் மாவட்டத்தில் தை முதல் பங்குனி வரையே உணக்கத் தகுந்த காலம் என்பதையும், அடியில் செங்கல் பரப்பி அரையடி உயர்த்த வேண்டும் என்பதையும் அதன் பிறகே கடைப்பிடித்தேன். அந்தப் பங்குனியில் பிரித்த இரண்டு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டியபோது கணீரென்று ஒலித்தது. பச்சை விறகு 'தொப்'பென்றுதான் சொல்லும்.

எனவே வேலை 'உணக்கல்', விறகு 'உணங்கு விறகு', அடுக்கு 'உணக்குப் படப்பு', நடுக்கம்பு 'அளவுக்கம்பு' என்று முன்மொழிகிறேன். உச்சியில் பட்டை மேலாகப் பரப்பும் வரிசைக்கு மட்டும் 'வேய்வரிசை' என்று எழுதிப் பார்த்தேன், எனக்கே நிறைவில்லை. ஓலைக்கூரை வேய்ந்து பழகியவர்கள் உச்சி வரிசைக்குத் தனிச்சொல் வைத்திருந்தால் தெரிவிக்க வேண்டுகிறேன்.