1942 ஏப்ரல் 5 கொழும்புத் தாக்குதல்: போரியல் கோட்பாடுகளை எப்படிப் பொருத்திப் பார்ப்பது?

கொட்டாஞ்சேனை மாணவன்

வணக்கம். பாதுகாப்புக் கற்கைப் பாடத்துக்காக ஒரு பழைய சமரைப் போரியல் கோட்பாடுகளின்படி அலச வேண்டும். 1942 உயிர்த்த ஞாயிறன்று யப்பானியத் தளபதி நாகுமோவின் விமானந்தாங்கிக் கப்பல்கள் கொழும்பைத் தாக்கியதை எடுத்திருக்கிறேன். நோக்கம், திடீர்த்தாக்கம், படைக்குவிப்பு, படைச்சிக்கனம், பாதுகாப்பு, நெகிழ்வு, ஒத்துழைப்பு என்று அட்டவணை கீறி இரு தரப்புக்கும் சரி, பிழை போட்டேன். யப்பானுக்கு எல்லாம் சரி, பிரித்தானியாவுக்கு எல்லாம் பிழை என்று வந்து நிற்கிறது. இது சரியாகப் படவில்லை. எப்படித் திருத்துவது?

வெள்ளவத்தை வாசகர்

தம்பி, முடிவு தெரிந்த பிறகு புள்ளி போட்டால் எல்லாப் புள்ளியும் வென்றவனுக்குத்தான் போகும். அட்டவணையை ஒருபக்கம் வையுங்கள். ஒரு தளபதி எடுத்த ஒரேயொரு முடிவைப் பிடியுங்கள். அந்த நேரத்தில் அவருக்கு என்ன தெரிந்திருந்தது, எந்த இரண்டு கோட்பாடுகள் அவரை எதிரெதிர்ப் பக்கம் இழுத்தன என்று கேளுங்கள்.

பிரித்தானியக் கடற்படைத் தளபதி சோமர்வில்லின் ஏப்ரல் 2 முடிவு இதற்கு நன்றாகப் பொருந்தும். கொழும்பிலிருந்த குறியீடு உடைப்பவர்கள் ஏப்ரல் 1 அளவில் தாக்குதல் வரும் என்று கணித்திருந்தார்கள். மார்ச் 31 முதல் அவர் இலங்கைக்குத் தெற்கே காத்திருந்தார். எதிரி வரவில்லை. பழைய ஆர் வகைப் போர்க்கப்பல்கள் நான்கிலும் தண்ணீர் குறைந்துகொண்டு போனது. 2ஆம் திகதி இரவு மாலைதீவின் தெற்கிலுள்ள தன் தளமான அத்து பவளத்தீவுக்குத் திரும்பினார். டோர்செட்சயர், கோர்ன்வோல் என்ற இரண்டு குரூசர்களையும் கொழும்புக்கும், ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கியைத் திருகோணமலைக்கும் பிரித்து அனுப்பினார்.

திரும்பிப் போனதைப் பிழை என்று எழுதிவிடாதீர்கள். தண்ணீரும் எண்ணெயும் இல்லாத கப்பல் சண்டைக்கு உதவாது. கப்பல்களைப் பிரித்ததுதான் கேள்விக்குரியது. எச்சரிக்கை பொய் என்று யாரும் உறுதி செய்யவில்லை. ஆனாலும் அந்த மூன்று கப்பல்களும் எச்சரிக்கை காலாவதியாகிவிட்டது போல வழமையான வேலைக்கு அனுப்பப்பட்டன. மூன்றுமே ஒரு கிழமைக்குள் மூழ்கின.

இன்னொன்று, தூரத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 4ஆம் திகதி பிற்பகல் 4 மணியளவில் விமானி பேர்ச்சோலின் கற்றலினா வேவு விமானம் எதிரியைக் கண்டு செய்தி அனுப்பியது. குண்டு விழுந்தது மறுநாள் காலை 7.30 அளவில். இடையில் பதினைந்தரை மணித்தியாலம். அத்துவிலிருந்து கொழும்பு ஏறக்குறைய 600 கடல்மைல். மணிக்கு 20 கடல்மைல் என்று தாராளமாக வைத்தாலும் 30 மணித்தியாலம் வேண்டும். சோமர்வில் அந்த நிமிடமே நங்கூரம் தூக்கியிருந்தாலும் பாதி வழியில்தான் நின்றிருப்பார். "ஏன் உடனே ஓடிவரவில்லை" என்று எழுதுபவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை.

வரைபடக்காரன்

மேலே சொன்னதோடு ஒத்துப்போகிறேன். காலவரிசையை நான்கு நிரலாகக் கீறுங்கள்: நேரம், யாருக்கு என்ன தெரியும், என்ன கட்டளை, அந்தக் கட்டளையை மாற்ற எவ்வளவு நேரம் பிடிக்கும். கடைசி நிரலை யாரும் போடுவதில்லை. நெகிழ்வு என்ற கோட்பாடு தெரியவருவதே அங்கேதான்.

கவனம்: யப்பானியக் கடற்படைப் பதிவுகள் தோக்கியோ நேரத்தில் இருக்கும். 1942 ஜனவரியில் இலங்கைக் கடிகாரத்தை அரை மணி முன்னால் நகர்த்தினார்கள். ஆகவே அந்த ஏப்ரலில் வித்தியாசம் 3 மணித்தியாலம். இன்றைய மூன்றரையைக் கழித்தால் எல்லா நிகழ்வும் அரை மணி தவறிப்போகும், யார் யாருக்கு முந்தினார்கள் என்பதே தலைகீழாகும்.

இனி நாகுமோ. முதல் அலையில் சண்டை விமானம் 36, குண்டுவீச்சு விமானம் 91, மொத்தம் 127. கப்பல் எதிர்ப்பட்டால் அடிக்கவென்று ஒரு பகுதியைக் கையிருப்பில் வைத்திருந்தார். சிக்கனத்துக்கு அது நல்ல உதாரணம். ஆனால் துறைமுகத்தை இன்னொரு தடவை அடிக்க வேண்டும் என்று தாக்குதல் விமானங்களை வழிநடத்திய புச்சிடா வானிலிருந்து சொன்னதும், அந்தக் கையிருப்பிலிருந்த விமானங்களில் டோர்ப்பிடோவைக் கழற்றித் தரைக்குண்டு மாட்டச் சொன்னார். மாட்டிக்கொண்டிருக்கும்போதே கடலில் கப்பல்களைக் கண்டதாகச் செய்தி. திரும்பவும் டோர்ப்பிடோ மாட்டச் சொன்னார். வேலை முடியவில்லை. கடைசியில் 53 செங்குத்துக் குண்டுவீச்சு விமானங்கள் மட்டும் போய் டோர்செட்சயரையும் கோர்ன்வோலையும் மூழ்கடித்தன. 424 பேர் இறந்தார்கள், 1,122 பேர் மறுநாள் காப்பாற்றப்பட்டார்கள்.

அடி வெற்றியாக முடிந்ததால் அந்தக் குழப்பம் பாடமாகப் படிக்கப்படவில்லை. ஜூன் 4, யப்பான் தோற்ற மிட்வேச் சமரில் அதே தளபதி, அதே ஆயுத மாற்றம். உங்கள் அட்டவணையில் யப்பானுக்கு "நெகிழ்வு: சரி" என்று போட்டது இங்கேதான் உடைகிறது.

கொட்டாஞ்சேனை மாணவன்

மிக்க நன்றி. திடீர்த்தாக்கம் பற்றி ஒரு சந்தேகம். பேர்ச்சோல் முதல்நாளே எச்சரித்துவிட்டார். அப்படியிருக்க இரத்மலானையில் பிரித்தானிய ஹரிக்கேன் சண்டை விமானங்கள் குண்டு விழும்போதுதானே கிளம்பின?

கோட்டை வீதி

திடீர்த்தாக்கத்தை இரண்டாகப் பிரியுங்கள். "நாளைக் காலை வரக்கூடும்" என்பது ஒரு அறிவு. அதனால் துறைமுகத்திலிருந்து கப்பல்கள் வெளியேற்றப்பட்டன. எஞ்சியவற்றில் ஹெக்டர், டெனெடோஸ் என்ற இரு கப்பல்கள் மூழ்கின. "இன்னும் சில நிமிடத்தில் தலைக்கு மேலே" என்பது வேறொரு அறிவு. அதை ராடார் தரவேண்டும், தரப்பட்டது ஓடுபாதைக்குப் போய்ச் சேரவேண்டும். அந்தக் காலை அது சேரவில்லை. உயரம் ஏறக் கிடைக்க வேண்டிய நிமிடங்கள் இல்லாமலே 30ஆம் படையணி எழும்பியது. ரேஸ்கோர்ஸ் மைதான ஓடுபாதை இருப்பது யப்பானியருக்குத் தெரியாது. அங்கிருந்த 258ஆம் படையணி ஓடுபாதையில் அடிவாங்காமல் கிளம்பியது. ஒரே நகரத்தில் ஒரே மணித்தியாலத்தில் இரு பக்கமும் ஒன்றையொன்று திடுக்கிட வைத்தன.

ஒத்துழைப்பு இல்லாமற்போனதற்கு வேறு உதாரணம் தேட வேண்டாம். டோர்ப்பிடோ தூக்கிய 6 பிரித்தானிய சோர்ட்பிஷ் விமானங்கள் வழியில் யப்பானின் சீரோ சண்டை விமானங்களிடம் நேராக மாட்டின. ஆறும் வீழ்ந்தன.

விமான இழப்பு எண்களை எடுக்கும்போது அவதானம். பிரித்தானியர் வீழ்த்தியதாகச் சொன்னது இருபதுக்குக் கிட்ட. யப்பானியப் பதிவில் 7. உரிமைகோரலையும் எதிரியின் சொந்தப் பதிவையும் ஒரே நிரலில் கலந்தால் கட்டுரை முழுதும் சரிந்துவிடும்.

வெள்ளவத்தை வாசகர்

நோக்கம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அது இல்லாமல் மற்றதெல்லாம் தொங்கும். நாகுமோ தேடிவந்தது சோமர்வில்லின் கிழக்குப் பிராந்தியக் கடற்படையை. 5ஆம் திகதி மாலை அது விமானம் எட்டும் தூரத்தில் இருந்தும் அவர் தேடல் அதைக் காணவில்லை. சோமர்வில்லுக்கோ பகலில் மோத விருப்பமில்லை. ராடார் பூட்டிய அல்பகோர் டோர்ப்பிடோ விமானங்களால் இரவில் அடிப்பதே அவர் திட்டம். காக்கைக்குப் பகல், கூகைக்கு இரவு என்று நம் பழைய புலவர்கள் வைத்த கணக்கு அப்படியே. அவருக்கு அந்த இரவு வாய்க்கவில்லை. ஆனால் நாகுமோவுக்கும் பகலில் அவர் அகப்படவில்லை.

ஏப்ரல் 9 திருகோணமலையையும் விட்டுவிடாதீர்கள். ஹேர்மிஸ் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கிய அதே நாளில் பிரித்தானியரின் 9 பிளெனிம் குண்டுவீச்சு விமானங்கள் யாரும் காணாமல் நாகுமோவின் விமானந்தாங்கி அகாகிக்கு மேலே வந்து குண்டு போட்டன. ஒன்றும் படவில்லை, 5 விமானங்கள் திரும்பவில்லை. ஆனால் வானில் காவல் சுற்றிய சீரோக்கள் இருந்தும் எச்சரிக்கை இல்லாமல் குண்டு விழுந்தது. பாதுகாப்பு என்ற வரியில் யப்பானுக்கு என்ன போடுவீர்கள் என்று அதை வைத்து யோசியுங்கள்.

கட்டுரைக்கு இரண்டு முடிவுகள் போதும்: சோமர்வில் 2ஆம் திகதி கப்பல்களைப் பிரித்தது, நாகுமோ 5ஆம் திகதி ஆயுதம் மாற்றியது. ஒவ்வொன்றுக்கும் வரைபடத்தில் விமான வீச்சு வட்டம் ஒன்று கீறி, காலவரிசையைக் கீழே போடுங்கள்.