ஒரே ஒரு பாக்கெட்டைப் பிரிச்சுப் பார்க்க சொந்த டிகோடர் தேவையா?

கோப்புக்குடைவான்:
6 ஜிபி பிகேப் கோப்பு, அதாவது நெட்வொர்க்கில் போன பாக்கெட்டுகளைப் பிடிச்சு வச்ச பதிவு. அதில் 41,20,318-ஆவது ஃபிரேம் (ஒரு பாக்கெட்) மட்டும் வேணும், புலம் புலமா, ஹெக்ஸோட (பதினாறடிமான எண்களோட). பாக்கெட்டைப் பிரிச்சுக் காட்டும் டிஷார்க் கருவியில ஃபிரேம் எண் வடிகட்டி போட்டா ரொம்ப நேரம் ஓடுது. நானே சின்னதா ஒரு டிகோடர் (பைட்டுகளைப் புலமா பிரிக்கும் நிரல்) எழுதிடலாமா, வீண் வேலையா?

பைட்எண்ணி:
தாராளமா எழுதுங்க. கோப்பின் தலையில் 24 பைட். அப்புறம் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் முன்னால் 16 பைட்: விநாடி, மைக்ரோவிநாடி, பிடித்த நீளம், அசல் நீளம், தலா 4 பைட். மூன்றாவது எண்ணைப் படிச்சு, அத்தனை பைட் தாண்டுங்க. பாக்கெட்டின் உடலைத் தொடவே வேண்டாம். டிஷார்க் வழியில் வரும் ஒவ்வொரு ஃபிரேமையும் பிரிச்சு மேயும், அதான் தாமதம்.

ஃபிரேம் கைக்கு வந்ததும் மீதி எளிது. 13, 14-ஆவது பைட் 08 00 என்றால் ஐபி பதிப்பு 4. 15-ஆவது பைட் 45: 4 பதிப்பு, 5 ஹெடர் (தலைப்பகுதி) நீளம், அலகு 4 பைட், ஆக 5 × 4 = 20 பைட். 24-ஆவது பைட் ஹெக்ஸில் 06 என்றால் டிசிபி, 11 என்றால் யுடிபி (இரண்டும் தரவு அனுப்பும் நெறிமுறைகள்).

அடுக்குப்பித்தன்:
ஈதர்நெட் ஹெடர் 14 பைட், ஐபி ஹெடர் 20 பைட் என்ற இந்த 14 + 20 கணக்கை நம்பித்தான் பாதி டிகோடர்கள் கவிழ்கின்றன. விலேன் டேக் (நெட்வொர்க் பிரிவைக் குறிக்கும் அடையாளம்) இருந்தால் 13, 14-இல் 81 00 நிற்கும், உண்மையான வகை 4 பைட் தள்ளிப்போகும். லினக்ஸில் எல்லா இடைமுகத்தையும் சேர்த்துப் பிடித்த கோப்பு என்றால் ஈதர்நெட் ஹெடரே கிடையாது. இணைப்பு வகை 113 என்றால் 16 பைட் ஹெடர், வகை எண் அதன் கடைசி 2 பைட்டில். 276 என்றால் 20 பைட், வகை எண் தொடக்கத்திலேயே. இவர் சொன்ன 24 பைட்டின் கடைசி 4 பைட்டில் உள்ள இந்த இணைப்பு வகையைப் பார்க்காமல் எதையும் ஊகிக்காதீர்கள். பிகேப்-என்ஜி (பிகேப்பின் புதிய வடிவம்) கோப்பு என்றாலோ இந்த 24, 16 எதுவுமே பொருந்தாது, அது முழுக்கத் தொகுதி அமைப்பு.

பைட்எண்ணி:
அவர் கேட்டது பிகேப். நீங்க சொன்ன எல்லாத்தையும் கையாள முப்பது வரி போதும். இன்னொண்ணும் சேர்த்துக்கறேன்: மைக்ரோவிநாடிப் புலத்தில் 10 லட்சமோ அதுக்கு மேலயோ வந்தா அது நானோவிநாடி வகைக் கோப்பு. கோப்பின் தொடக்கத்தில் அதன் வகையைச் சொல்லும் மேஜிக் எண்ணைச் சரிபார்க்காம விட்டா நேரம் முழுக்கத் தப்பாத்தான் காட்டும்.

அடுக்குப்பித்தன்:
ஹெடரை எண்ணுவது கடினம் என்று நான் சொல்லவில்லை. தனி பாக்கெட்டுக்குள் விடை இல்லை என்பதுதான் சிக்கல். பெரிய யுடிபி செய்தி இரண்டு துண்டாக வருகிறது என்று வையுங்கள். இரண்டாவது துண்டின் இடப்பெயர்ச்சி எண் (அசல் செய்தியில் அது தொடங்கும் இடம்) 185. அலகு 8 பைட், ஆக 1480. அந்தத் துண்டில் யுடிபி ஹெடரே இருக்காது. உங்கள் முப்பது வரி உள்ளடக்கத்தின் முதல் 4 பைட்டைப் போர்ட் எண் என்று கூசாமல் அச்சடிக்கும். டிஷார்க் முந்தைய ஃபிரேம்களைப் பிரிப்பது இதைச் சேர்த்துக் கட்டத்தான்.

பைட்எண்ணி:
இது சரியான அடி, ஒத்துக்கறேன். இடப்பெயர்ச்சி பூஜ்யம் இல்லைன்னா "துண்டு" என்று எழுதிட்டு அங்கேயே நிக்கணும். ஆனா டிஷார்க்கும் வெறும் காற்றிலிருந்து எடுக்கிறதில்ல. பிடித்த பதிவில் சின் பாக்கெட் (டிசிபி தொடர்பைத் தொடங்குவது) சிக்கலைன்னா, அதில் வரும் விண்டோ பெருக்கி தெரியாதுன்னுதான் அதுவும் சொல்லும்.

வெட்டுக்கிளி:
இரண்டு பேருமே பிகேப் கோப்பை வெட்டும் எடிட்கேப் கருவியை மறந்துட்டீங்க. அது எதையும் பிரிக்காம எண்ணி மட்டும் வெட்டும். கவனம்: எண் கொடுத்தா அந்த ஃபிரேமை நீக்குவதுதான் அதன் இயல்பு. சிறிய எழுத்து ஆர் விருப்பம் சேர்த்தால்தான் அதை மட்டும் வைத்துக்கொள்ளும். மறந்தா கேட்டது போய் மத்த 6 ஜிபியும் அப்படியே வந்து நிக்கும். வெட்டிய கோப்பில் எண் 1-லிருந்து தொடங்கும். அப்புறம் டிஷார்க்கில் பெரிய எழுத்து வி, சிறிய எழுத்து எக்ஸ் இரண்டும் கொடுங்க, புலமும் ஹெக்ஸும் சேர்ந்து வரும்.

ஸ்கேப்பி (பைத்தான் நூலகம்) பக்கம் போறதா இருந்தா அதன் ஆர்டிபிகேப் வேண்டாம், மொத்தக் கோப்பையும் நினைவகத்தில் ஏத்தும். பிகேப்ரீடர் ஒவ்வொண்ணா எடுக்கும்.

அடுக்குப்பித்தன்:
ஒற்றை ஃபிரேமாக வெட்டினால் நான் சொன்ன அதே இழப்புதான். டிசிபி என்றால் தொடர்பின் சின் பாக்கெட்டிலிருந்து வெட்டுங்கள்.

கோப்புக்குடைவான்:
வெட்டிப் பார்த்துட்டேன். துண்டு இல்லை, யுடிபி போர்ட் 53, டிஎன்எஸ் (தளப்பெயருக்கு முகவரி சொல்லும் சேவை) பதில். என் டிகோடரில் கேள்விப் பெயர் சரியா வருது, பதில் பெயர் குப்பையா வருது. அங்கே பெயருக்குப் பதிலா, முன்னால் வந்த பெயரின் இடத்தைக் காட்டும் இடச்சுட்டு 12-ன்னு இருக்கு.

பைட்எண்ணி:
அந்த 12 டிஎன்எஸ் செய்தியின் தொடக்கத்திலிருந்து எண்ணுவது, ஃபிரேமின் தொடக்கத்திலிருந்து இல்லை. 14 + 20 + யுடிபி ஹெடர் 8 = 42, அதோட 12, ஆக ஃபிரேமில் 54 பைட் தள்ளிப் படிக்கணும்.

அடுக்குப்பித்தன்:
சுட்டு தான் இருக்கும் இடத்துக்கு முன்னால்தான் காட்டவேண்டும், இல்லையென்றால் பாக்கெட்டைத் தள்ளிவிடுங்கள். தன்னையே காட்டும் சுட்டு ஒன்று வந்தால் உங்கள் டிகோடர் விடியவிடியச் சுற்றும். பிடித்த நீளம் அசல் நீளத்தைவிடக் குறைவா என்றும் பாருங்கள், பெயர் பாதியில் அறுந்திருக்கலாம்.