தடித்த குழாயில் டைபோல் (நடுவில் பிரித்து இரு கைகளாக நீட்டிய அரை அலைநீள ஆன்டெனா) ஏன் குட்டையாகிறது? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

மாடிக்கம்பம்:
143-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் டைபோலின் நீளம் மீட்டரில் கிடைக்கும். 145-க்கு 98.6 செ.மீ. அதே நீளத்தில் 2 மி.மீ. செம்புக் கம்பியில் ஒன்றும் 19 மி.மீ. அலுமினியக் குழாயில் ஒன்றும் செய்து, ஒரே கம்பத்தில் மாற்றி மாற்றி ஏற்றி அனலைசரில் (ஆன்டெனா ஒத்திசையும் அதிர்வெண்ணைக் காட்டும் கருவி) பார்த்தேன். கம்பி 146-ஐத் தாண்டி ஒத்திசைந்தது, குழாய் 143-ஐ ஒட்டி. ஏறக்குறைய 3 மெகாஹெர்ட்ஸ் வித்தியாசம்!

"தடித்த உலோகத்தில் அலை மெதுவாகப் போகும்" என்று பலர் விளக்குகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அலை போவது உலோகத்தின் உள்ளே அல்ல, அதைச் சுற்றியுள்ள வெளியில். தடிமன் கூடினால் மீட்டருக்கான மின்தேக்கம் கூடும், தூண்டம் குறையும். பெருக்குத்தொகை அநேகமாக அப்படியேதான் இருக்கும், வேகமும் அப்படியே. மாறுவது அந்த இரண்டின் விகிதம். மெல்லிய கம்பியைச் சரியாக அரை அலைநீளத்துக்கு வெட்டினால் 73 ஓம் மின்தடையுடன் சுமார் 42 ஓம் ரியாக்டன்ஸ் (ஒத்திசைவில் பூஜ்யமாக வேண்டிய பகுதி) மிஞ்சும். அதைக் கழிக்க மெல்லிய கம்பியில் கொஞ்சம் நறுக்கினால் போதும். குழாயில் ரியாக்டன்ஸ் சாவகாசமாகத்தான் இறங்கும், அதனால் அதிகம் நறுக்க வேண்டியிருக்கிறது. எஸ்.டபிள்யூ.ஆர். (அனுப்பிய சக்தி எவ்வளவு திரும்புகிறது என்பதைக் காட்டும் அளவு) வளைவு அகலமாக விரிவதற்கும் இதுவே காரணம். நானாக இருந்தால் எப்போதும் குழாய்தான்.

நாற்பதுமீட்டர்:
7 மெகாஹெர்ட்ஸில் குழாய்க்கு எங்கே போவது? வட்டமாக ஆறு கம்பிகளைக் கூண்டுபோல் கட்டினேன். நதெனென்கோ டைபோல் எனப்படும் கூண்டு ஆன்டெனாவின் தத்துவம் இதுதான், தனித்தனிக் கம்பிகள் சேர்ந்து ஒரே தடித்த கடத்தியாக வேலை செய்யும். ஒற்றைக் கம்பியைவிடக் குட்டையாக வெட்ட வேண்டியிருந்தது, பேண்ட் முழுவதும் ட்யூனர் (ஆன்டெனாவை ரேடியோவுக்குப் பொருத்தும் பெட்டி) இல்லாமல் பேச முடிந்தது. காற்றடித்தால் முறுக்கிக்கொள்ளும், வளையங்களை இறுக்கிக் கட்டுங்கள்.

செம்புச்சுருள்:
அலையை உண்மையிலேயே மெதுவாக்குவது பி.வி.சி. உறை. வீட்டு வயரிங் கம்பியில் கட்டிய 7.1 மெகாஹெர்ட்ஸ் டைபோல், அதே நீள வெற்றுக் கம்பியைவிட 150 கிலோஹெர்ட்ஸ் கீழே போனதைப் பார்த்திருக்கிறேன். உறையின் தடிமனைப் பொறுத்து 2 முதல் 5 சதவீதம் வரை குறைத்து வெட்ட வேண்டிவரும்.

இன்னொன்று, புதிதாக லைசென்ஸ் எடுத்த தம்பி ஒருவர் கோஆக்ஸ் கேபிளின் வேகக் காரணியான 0.66-ஐ (கேபிளில் அலையின் வேகம் ஒளிவேகத்தில் எத்தனை பங்கு என்ற எண்) டைபோலின் கைகளுக்கும் பெருக்கி, 20 மீட்டர் வேண்டிய இடத்தில் 14 மீட்டர் வெட்டிவைத்திருந்தார். அந்த எண் கேபிளுக்குள் இருக்கும் பாலிஎத்திலீனுக்கு உரியது. திறந்த வெளியில் தொங்கும் கம்பிக்கு அதைப் போடாதீர்கள்.