தவில் வாசிக்கிறவருக்கு ஜிஎஸ்ஆர் சென்சார எங்க மாட்டுறது?

குடவாசல்_குமரன்:
வணக்கம். பைனல் இயர் ப்ராஜெக்ட், ஜிஎஸ்ஆர்ங்கிற சென்சார வச்சு தோல்ல கரண்ட் எவ்வளவு பாயுதுன்னு அளந்து டென்ஷனக் கண்டுபிடிக்கிறது. கூட படிக்கிறவனுங்க எக்ஸாம் ஹால், டிரைவர்னு போறானுங்க, நான் எங்க சித்தப்பாவ எடுத்துக்கிட்டேன், தவில் வாசிக்கிறவர். சென்சாரோட வர்றது விரல்ல மாட்டுற உறை. அவருக்கு வலது கை விரல்ல கூடு, இடது கையில குச்சி, எங்கேர்ந்து மாட்டுறது? சரின்னு மணிக்கட்டுல கட்டுனேன், மொத அரை மணி நேரம் கோடு செத்தது மாதிரி படுத்துக் கெடக்கு, அப்புறம் வேர்த்து ஊத்துனதும் ஒரே ஏத்தமா ஏறுது, எறங்கவே இல்ல. நெத்தியில ஒட்டலாம்னா பட்டையா விபூதி, "இத அழிச்சுட்டா மேளத்தத் தூக்கச் சொல்றே"ன்னு சத்தம் போடுறாரு. வேற எந்த எடம் சரியா வரும்?

சாலியமங்கலம்_சர்க்யூட்:
தம்பி, மணிக்கட்டு வேர்க்கிறது பெரும்பாலும் சூட்டுக்கு. உள்ளங்கையும் உள்ளங்காலும்தான் மனசுக்கு முதல் மரியாதை குடுக்கிற எடம், வேர்வைச் சுரப்பி அங்க நெருக்கமா இருக்கு. வேர்வை வடிஞ்சு, தோல்ல ஒட்டுற ரெண்டு எலக்ட்ரோடுக்கும் நடுவுல பாலம் போட்டுட்டா நீ அளக்கிறது உப்புத்தண்ணிய, சித்தப்பாவ இல்ல.
2012ல ஒரே ஆளுக்கு 16 எடத்துல ஒட்டி, படக் காட்சி போட்டுக் காட்டி ஒப்பிட்டுப் பாத்திருக்காங்க. கால், விரல், தோள் மூணும் நல்லா வந்துச்சு, முதுகு, அக்குளெல்லாம் மந்தம். அதனால காலுக்குப் போ. அடிப்பாதத்துல இல்ல, பெருவிரலுக்கும் குதிகாலுக்கும் நடுவுல பாதத்தோட உள்பக்கம் வளைவு இருக்கே, அங்க ரெண்டையும் ஒரே கால்ல ஒட்டு. சம்மணம் போட்டா பாதத்தோட வெளி ஓரம்தான் தரையில அழுத்தும், மேல இருக்கிற கால்ல உள்பக்கம் ப்ரீயா இருக்கும். செருப்பும் போட மாட்டாரு, உனக்கு அதிர்ஷ்டம். வலது கை விரல்ல எடம் கெடச்சிருந்தாக்கூட காய்ப்பு காய்ச்ச தோல்ல ஒழுங்கா வராது.

வலங்கைமான்_அக்கா:
நான் நர்ஸ், ஒட்டுறது பத்தி மட்டும் சொல்றேன். ஈசிஜி ஜெல்ல எடுத்துத் தடவிடாதீங்க, அதுல உப்பு ஜாஸ்தி, ரீடிங்கத் தூக்கிக் காட்டும், இதுக்குன்னு உப்பு கம்மியா தனி ஜெல் இருக்கு. ஸ்பிரிட் வேணாம், சோப்பும் வேணாம், பச்சத்தண்ணியில கழுவி தொடச்சுட்டு ஒட்டி ஒரு அஞ்சு பத்து நிமிஷம் விட்டுட்டு அப்புறம் பாருங்க. வேர்வைய அடக்குற மாத்திரை எதாவது சாப்பிடுறாரான்னு கேட்டுக்குங்க. முக்கியமா பேட்டரியில ஓட்டுங்க தம்பி, கல்யாண மண்டப ப்ளக்ல சார்ஜர் போட்ட லேப்டாப்ப மனுஷன் ஒடம்போட சேத்து மாட்டுற வேலையே வேணாம்.

மன்னை_மாமா:
இதெல்லாம் சரி, தவில் அடிக்கிறதே கதிரடிக்கிற மாதிரி ஒழப்பு, அதுலயும் வைகாசி வெக்கையில. அதுல எது டென்ஷன், எது ஒழப்புன்னு எப்படிப் பிரிப்பே? சந்தோஷத்துலயும்தான் கை வேர்க்குது, எனக்கு பொண்ணு பொறந்தப்ப வேர்த்துச்சு.

சாலியமங்கலம்_சர்க்யூட்:
மாமா சொல்றது நியாயம். இது பரபரப்பத்தான் காட்டும், பயமா குஷியான்னு சொல்லாது. மொத்த அளவு ஆளுக்கு ஆள் மாறும், ஒருத்தருக்கு 2 மைக்ரோசீமன்ஸ் (தோல் எவ்வளவு சுலபமா கரண்ட விடுதுங்கிறதுக்கு அளவு), இன்னொருத்தருக்கு 15, அத வச்சு டென்ஷன்னு எழுதிடாதே. சின்னச் சின்ன மேடுங்களப் பாரு, எதாவது நடந்தா 1லேர்ந்து 3 செகண்டுல கெளம்பும். என்னைக் கேட்டா வாசிக்கிற நேரத்த விட, அவரு சும்மா உக்காந்து எப்ப கூப்புடுவாங்கன்னு காத்திருக்கிற அந்த நேரம்தான் சுத்தமான டேட்டா.

குடவாசல்_குமரன்:
அண்ணே, நேத்து முகூர்த்தத்துல கால்ல ஒட்டிப் பாத்தாச்சு, ஓரளவு வந்துருச்சு! வாசிக்கிறப்ப மெதுவா ஏறுது, அது சூடுன்னு விட்டுட்டேன். ஆனா பெரிய மேடு எங்க வந்துச்சு தெரியுமா, தாலி எடுக்குறப்ப ஐயர் விரல ஆட்டி "கெட்டிமேளம்"னாரே, அந்த எடம். 5.1லேர்ந்து 5.9 மைக்ரோசீமன்ஸ். தனி வாசிச்சப்பகூட அவ்வளவு இல்ல. கேட்டா "எனக்கென்னடா பயம், நாப்பது வருஷமா வாசிக்கிறேன்"ங்கிறாரு.

மன்னை_மாமா:
அது குச்சிய ஓங்கி அடிச்சதுக்கு வந்ததா இருக்கும்லப்பா.

சாலியமங்கலம்_சர்க்யூட்:
வீட்ல அதே மாதிரி யாராவது விரல ஆட்டி அடிக்கச் சொல்லிப் பாரு, பத்து தடவ. நேரத்த போன்ல வீடியோவோட சேத்து குறிச்சுக்க.

குடவாசல்_குமரன்:
சித்தி விரல ஆட்டுனாங்க, அவரும் அதே வேகத்துல அடிச்சாரு. மேடு வருது, ஆனா கல்யாணத்துல வந்ததுல கால்வாசிகூட இல்ல, அதுவும் நாலாவது தடவைக்கு மேல காணவே காணோம். அடுத்த முகூர்த்தம் ஞாயித்துக்கெழம திருச்சேறையில, அதுக்குள்ள பேட்டரிக்கு ஒரு டப்பா பண்ணணும், இந்தத் தடவ வேட்டியில சொருகி வச்சது அவரு பந்திக்கு எழுந்திரிச்சப்ப பொத்துனு விழுந்துடுச்சு.